தொதல் இறுகவே மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்க

லாத்தாமாரே, கல்யாணமாகி கீழக்கரை வந்து நாலு மாசம், சமையல் இப்பதான் பழகுறேன், மாமி ஊர்ல இல்லாத நேரமா பாத்து தொதல் (இறுக கிண்டி துண்டு போடுற கருப்பட்டி இனிப்பு) கிண்ட இறங்கி மூணு தடவை சொதப்பிட்டேன். கடைசியா போட்ட அளவு அரை கிலோ பச்சரிசி மாவு, ஒரு கிலோ கருப்பட்டி, மூணு தேங்காய்ப் பால். கருப்பட்டிய காய்ச்சி வடிகட்டிதான் ஊத்துனேன். முதல்ல பாக்கெட் தேங்காய்ப் பால், அடுத்து துருவிப் புழிஞ்ச பால், போன வெள்ளிக்கிழமை தண்ணியையும் குறைச்சு பாத்தாச்சு. கேஸ் அடுப்பு, அடிகனமான அலுமினிய சட்டி, சின்ன தீயில ரெண்டு மணி நேரம் கை கடுக்க கிண்டியும் எண்ணெய் பிரியல, கரண்டில பசை மாதிரி இழுக்குது, மறுநாள் வெட்டுனா கத்தியோடயே வருது (வீட்டுக்காரர் ஸ்பூன்ல அள்ளித் தின்னுட்டு அல்வா நல்லாருக்குங்குறார்). மாவு கூடிப்போச்சா, இல்ல இன்னும் கிண்டணுமா?