அயனி வாய்க்காலா, அயனி மடையா?

வணக்கம் ஐயா,

கூம்பு நத்தை என்ற கடல் நத்தையின் நஞ்சு பற்றிய உங்கள் வரைவைப் படித்தேன். நஞ்சிலுள்ள சிறு பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள், நரம்பின் 'அயனி வாய்க்கால்'களை (ion channel) தாக்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாய்க்கால்தான் எனக்கு உறுத்துகிறது. அதை 'அயனி மடை' என்று மாற்றிவிடலாம்.

வாய்க்கால் திறந்தே கிடப்பது. தண்ணீர் வந்தால் ஓடும், இல்லாவிட்டால் காயும். உயிரணுச் சவ்வில் இருக்கும் இந்தப் புரதத்துக்கோ திறப்பதும் மூடுவதும்தான் வேலை. மின்னழுத்தம் மாறியதும் சோடியம் மடை திறக்கிறது, சில மில்லிநொடிகளில் தானே அடைத்துக்கொள்கிறது. ஏரியில் இந்த வேலையைப் பார்ப்பது மடை அல்லவா?

மீன் பிடிக்கும் கூம்பு நத்தையை வைத்தே சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். அதன் பல் உள்ளே துளையும் நுனியில் கொக்கியும் கொண்ட ஈட்டி. அது மீனில் பாய்ந்ததும் நஞ்சு இறங்குகிறது. ஒமேகா வகைப் பெப்டைடு நரம்பு முனையின் கால்சியம் மடையை அடைக்கிறது. நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் வெளியே வராது. மியூ வகை தசையின் சோடியம் மடையில் தக்கைபோலச் செருகிக்கொள்கிறது. இரண்டையும் 'மடையடைப்பி' என்று கூசாமல் சொல்லலாம். டெல்டா வகை இதற்கு நேர்மாறு: திறந்த சோடியம் மடையைச் சட்டென்று அடைபட விடாது, தசை விறைத்துப்போகும். இதை வாய்க்காலை வைத்து எழுதிப் பாருங்கள், வாக்கியமே நிற்காது. டெல்டாவுக்கு ஒற்றைச் சொல் எனக்கு இன்னும் அமையவில்லை. 'மடை அடைபடாமல் தடுப்பது' என்று விரித்தே எழுதுவோம்.

ஆல்ஃபா வகையை மட்டும் மடையடைப்பியில் சேர்க்கக் கூடாது. அது துளையில் போய் உட்காருவதில்லை. அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்தால் திறக்கும் மடைதான் தசையின் ஏற்பி (receptor). அதில் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தை ஆல்ஃபா பிடித்துக்கொள்கிறது. அதனால் மடை திறக்காமலே போகிறது. இதற்கு 'ஏற்பி மறிப்பி' பொருந்தும். உங்கள் வரைவில் இரண்டும் ஒரே சொல்லில் வருவதால் குழப்பம் வருகிறது.

அடுத்து, இரண்டு கந்தக அணுக்கள் கைகோக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு. இங்கே 'கந்தகப் பாலம்' என்று எழுதினால் கண்முன் தெரியும். வலி மருந்தான சிக்கோனோடைடு ஒமேகா வகைதான்: 25 அமினோ அமிலங்கள், அவற்றில் ஆறு கந்தகம் கொண்ட சிஸ்டீன், மூன்று பாலங்கள். ஆறு சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகச் சேர 15 வழிகள் உண்டு. முதலாவது நான்காவதோடும், இரண்டாவது ஐந்தாவதோடும், மூன்றாவது ஆறாவதோடும் சேர்ந்தால்தான் மடையில் பொருந்தும் வடிவம் வரும். பாலங்களை அறுத்துவிட்டால் வடிவமும் போய்விடும், வேலையும் போய்விடும்.

அப்புறம், நஞ்சிலுள்ள எல்லாப் பெப்டைடுகளையும் 'கூம்புநச்சு' (conotoxin) என்று எழுத வேண்டாம். கோனன்டோகின்-ஜி என்ற பெப்டைடில் 17 அமினோ அமிலங்கள். ஒரு பாலம்கூடக் கிடையாது. அதை மூளையில் செலுத்தினால் எலிக்குஞ்சுகள் தூங்கிப்போகும். தூங்குமூஞ்சியைக் குறிக்கும் பிலிப்பினோ சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. சில நத்தைகளின் நஞ்சில் இன்சுலின்கூட இருக்கிறது. பொதுப்பெயர் 'கூம்புப் பெப்டைடு' என்றும், கந்தகப் பாலங்கள் நிறைந்தவை மட்டும் 'கூம்புநச்சு' என்றும் இருக்கட்டும்.

மதகு என்றும் யோசித்தேன். பொருளில் குறையில்லை, ஆனால் 'மதகடைப்பி' வாயில் சரியாக வரவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது, சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.