ட்ராவல் டைம் காசு நிறுத்திட்டாங்க, ரேட்டும் குறைச்சுட்டாங்க (ஹோம் கேர், யூகே) – அவசரம்

மல்லி_லெஸ்டர் · 6 செப்டம்பர் 2025, இரவு 11:48

வணக்கம். எங்க கம்பெனில (வீடு வீடாப் போய் ஆட்களைப் பார்த்துக்கற வேலை) ஜூலைல இருந்து ட்ராவல் டைம் காசு, அதாவது ஒரு வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்குப் போற நேரத்துக்கான காசு, கிடையாதுன்னுட்டாங்க. மணிக்கு ரேட்டும் 13.50 பவுண்ட்ல இருந்து 12.60 ஆக்கிட்டாங்க. கேட்டா "இது ஆல் இன்க்ளூசிவ் ரேட், மினிமம் வேஜ் 12.21தான், அதுக்கு மேலதானே தர்றோம்"ங்கறாங்க. இது சரியா? என்ன பண்றது? காலைல 6:30 கால் (கிளையன்ட் வீட்டு விசிட்) இருக்கு, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

ரோட்டாராணி · 7 செப்டம்பர், 12:05

சரியா தப்பான்னு சொல்ல இது பத்தாதுப்பா. மாசத்துக்கு கிளையன்ட் வீட்ல எத்தனை மணி நேரம்? வீட்டுக்கு வீடு போற நேரம் எவ்வளவு? கான்ட்ராக்ட்ல ட்ராவல் டைம் பத்தி எழுதியிருக்கா? மாத்தறோம்னு லெட்டர் வந்ததா, வாய் வார்த்தையா? நீங்க எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா? ஸ்பான்சர் விசாவா (கம்பெனி ஸ்பான்சர் பண்ணினதா)?

புதுசு_22 · 12:20

மைலேஜ் தர்றாங்களா? மைலேஜ் தந்தா ட்ராவல் டைம் அதுலயே அடங்கிடும்னு எங்க மேனேஜர் சொன்னார்.

நீலப்பேருந்து · 12:31

வீட்டை விட்டுக் கிளம்பின நிமிஷத்துல இருந்தே வேலை நேரம்தான். 2015ல ஐரோப்பிய நீதிமன்றம் டைகோ வழக்கில் தெளிவா சொல்லிடுச்சு: நிலையான பணியிடம் இல்லாதவங்களுக்கு முதல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போறதும், கடைசி வீட்ல இருந்து திரும்பறதும் வேலை நேரம். அதையும் சேர்த்துக் கேளுங்க. விடாதீங்க.

சட்டப்புத்தகம் · காலை 7:10

இதே கேள்வி மாசத்துக்கு நாலு முறை இங்கே வருகிறது. தேடுபொறி என்று ஒன்று இருப்பதை யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

மைலேஜ் என்பது பெட்ரோலுக்கு, டயருக்கு. சம்பளம் அல்ல. குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது. ஒரு கிளையன்ட் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் வேலை நேரம்: 2015ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலி விதிகள், விதி 34. ஹோம் கேருக்கு இது பொருந்தும் என்று 2013லேயே விட்டில்ஸ்டோன் வழக்கில் முடிந்துவிட்டது.

டைகோ கூலி பற்றிய தீர்ப்பே அல்ல. அது ஓய்வு நேரம், வாரத்துக்கு எத்தனை மணி வேலை வாங்கலாம் என்பது பற்றியது. படித்துவிட்டுப் பேசலாம்.

மல்லி_லெஸ்டர் · மதியம் 2:36

சாரி, எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன். ஆகஸ்ட்ல கிளையன்ட் வீட்ல 152 மணி. வீட்டுக்கு வீடு போனது 26 மணி, ரோட்டால (வேலை அட்டவணை) போட்டிருந்த நேரத்தை கூட்டினேன். முன்னாடி ட்ராவல் டைமுக்கு மணிக்கு 12.21 தனியா வரும், கான்ட்ராக்ட்லயே இருக்கு. சம்பளம் மாசக் கடைசி வேலை நாள்ல. லெட்டர் வரல, ஆப்ல மெசேஜ். "அக்செப்ட்" தட்டினாத்தான் ரோட்டா ஓபன் ஆகும், தட்டிட்டேன். மைலேஜ் 25 பென்ஸ் இன்னும் வருது. ஸ்பான்சர்தான், சிஓஎஸ் (கம்பெனி தர்ற ஸ்பான்சர்ஷிப் சான்று) 2024 மே.

கணக்கன் · மாலை 4:02

இப்பத்தான் கணக்குப் போட முடியும். ஆகஸ்ட் மாசத்தை மட்டும் எடுத்துக்கறேன்.

இப்போ கிடைச்சது: 152 × 12.60 = 1915.20 பவுண்ட்.
மொத்த வேலை நேரம்: 152 + 26 = 178 மணி. 1915.20ஐ 178ஆல வகுத்தா மணிக்கு 10.76. இது 12.21 இல்ல. "12.21க்கு மேல தர்றோம்"ங்கற பேச்சு இங்கேயே உடையுது. ஆல் இன்க்ளூசிவ் ரேட் வைக்கறது தப்பில்ல, ஆனா எல்லா நேரத்தையும் போட்டு வகுத்த பிறகும் 12.21 நிக்கணும். உங்க அளவுக்கு ட்ராவல் இருந்தா அந்த ரேட் 14.30 பவுண்டாவது இருந்தாத்தான் தேறும்.

குறைந்தபட்சக் கூலிப்படி வர வேண்டியது: 178 × 12.21 = 2173.38. பாக்கி 258.18.
பழைய கான்ட்ராக்ட்படி வர வேண்டியது: 152 × 13.50 = 2052, அதோட 26 × 12.21 = 317.46. மொத்தம் 2369.46. பாக்கி 454.26.

ரெண்டும் வேற வேற பாக்கி, குழப்பிக்காதீங்க. ஜூலைக்கும் இதே மாதிரி தனியா போடணும். ரெண்டு மாசத்தையும் கூட்டி சராசரி எடுக்கக் கூடாது, மாசச் சம்பளத்துக்கு ஒவ்வொரு மாசமும் தனிக்கணக்கு.

நீலப்பேருந்து · 4:40

வீட்ல இருந்து முதல் கால் வரைக்கும் போற நேரத்தை ஏன் விட்டுட்டீங்க கணக்கன்?

கணக்கன் · 4:44

சட்டம் விட்டுடுச்சு, நானும் விட்டுட்டேன்.

வல்வைக்காற்று · இரவு 8:15

தங்கச்சி, அந்த "அக்செப்ட்" தட்டினதுக்காகப் பயப்பிடாதேங்கோ, ஆனா அதைச் சும்மா விடவும் கூடாது. குறைந்தபட்சக் கூலியை நீங்கள் கையெழுத்து வைச்சுக் குடுத்தாலும் விட்டுக் குடுக்கேலாது. 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிரிவு 49. அந்த 258 பவுண் பத்திரம். 454இல மிச்சம் இருக்கிறதுக்குத்தான் கொம்பனி "நீ ஒப்புக்கொண்டாய்" எண்டு வாதாடும். எதிர்ப்புச் சொல்லாமல் மாதக்கணக்கில வேலை செய்தால் அந்த வாதத்துக்குப் பலம் கூடும்.

அதனால இண்டைக்கே ஹெச்ஆருக்கு மின்னஞ்சல். ஆப்பில அனுப்பாதேங்கோ, ஆப்பை மூடினால் சான்றும் போகும். இவ்வளவு போதும்: "ஜூலை முதல் செய்த சம்பள மாற்றத்தை நான் ஏற்கவில்லை. ரோட்டாவைத் திறப்பதற்காக மட்டுமே அந்தப் பொத்தானை அழுத்தினேன். எதிர்ப்புடன் தொடர்ந்து வேலை செய்கிறேன். குறைத்த தொகையைத் தரும்படி கேட்கிறேன்." இதை அப்பிடியே இங்கிலீசில எழுதுங்கோ.

அதோட அதே சட்டத்தில பிரிவு 10இன் கீழ ஒரு தனிக் கடிதம்: எனக்கு மினிமம் வேஜ் குறைவாகக் கிடைச்சிருக்கு எண்டு நம்பிறன், ஜூலை ஆகஸ்ட் பதிவுகளைப் பார்க்க வேணும் எண்டு. 14 நாளுக்குள்ள காட்ட வேணும். காட்டாட்டி டிரிப்யூனல் (வேலைத் தகராறு நீதிமன்றம்) குறைந்தபட்ச மணிக்கூலியின்ர 80 மடங்கு குடுக்கச் சொல்லலாம். 80 × 12.21, அதாவது 976.80 பவுண். இந்தக் கடிதத்தை ஒருத்தரும் எழுதிறேல்லை, அதுதான் எனக்கு விளங்காதது.

ரோட்டாராணி · 8:50

மேல சொன்னதோட, இன்னிக்கே ரோட்டா, ஆப்ல டேக் இன் டேக் அவுட் நேரம் (வீட்டுக்குள்ள போன நேரம், வெளிய வந்த நேரம்), அந்த மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கிளையன்ட் பேரு, வீட்டு நம்பர் தெரியற மாதிரி எங்கேயும் போடாதீங்க, போஸ்ட்கோடுல முதல் பாதி போதும். இல்லன்னா டேட்டா ப்ரீச்னு உங்க மேலயே திருப்புவாங்க.

போக ரெண்டு வழி இருக்கு. எச்எம்ஆர்சில (வரித்துறை) மினிமம் வேஜ் புகார்: இலவசம், 6 வருஷம் வரைக்கும் பின்னோக்கிப் பார்ப்பாங்க, கம்பெனிக்கு பாக்கில 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. ஆனா 12.21 வரைக்கும்தான் வாங்கித் தருவாங்க. 13.50 அவங்க பிரச்சினை இல்ல.

13.50க்கும் சேர்த்துன்னா டிரிப்யூனல், சட்டவிரோதப் பிடித்தம். அதுக்கு முன்னாடி அகாஸ்ல (வேலைத் தகராறு சமரச அமைப்பு) எர்லி கன்சிலியேஷன், அதாவது சமரசப் பேச்சு, கட்டாயம். கெடு மூணு மாசத்துக்கு ஒரு நாள் குறைவு. கடைசிப் பிடித்தத்துல இருந்து எண்ணலாம்னாலும், முதல் பிடித்தம் ஜூலை 31, அதுல இருந்து எண்ணி அக்டோபர் 30க்குள்ள அகாஸ்ல போட்டுடுங்க. கம்பெனிக்குள்ள கிரீவன்ஸ் (முறைப்படி கொடுத்த புகார்) நடக்குதுன்னு இந்தக் கெடு நிக்காது. நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்.

இன்னொண்ணு, பேஸ்லிப்ல இருக்கற சட்டப்பூர்வ கம்பெனி பேரை எழுதுங்க. சட்டைல ஒட்டியிருக்கற பிராண்ட் பேரு வேறயா இருக்கும். அகாஸ் சர்டிஃபிகேட்ல ஒரு பேரு, டிரிப்யூனல் ஃபார்ம்ல ஒரு பேருன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

நீலப்பேருந்து · 9:30

டைகோவை யாரும் ரத்து பண்ணல. வீட்டுல இருந்து முதல் கால் 40 நிமிஷம், அதுக்கு காசே கிடையாதுன்னா அது என்ன நியாயம்?

சட்டப்புத்தகம் · 9:41

நியாயம் வேறு, விதி வேறு. கோழிப்பண்ணை வேலையாட்களை வீட்டிலிருந்து மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பயணம் செய்ய வைத்த வழக்கிலேயே, அந்தப் பயணம் குறைந்தபட்சக் கூலிக்கு வராது என்று இந்த ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. மினிபஸ்ஸுக்கே இல்லை, உங்கள் 40 நிமிடத்துக்கா? மல்லி அதைக் கோரிக்கையில் சேர்த்தால் கணக்கே தப்பு என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

வல்வைக்காற்று · 9:58

சட்டப்புத்தகம் அண்ணை, சொல்லிறது சரி, சொல்லிற விதம்தான். நீலப்பேருந்து விட்டதில ஒண்டு உண்மையிலயே இருக்கு: இடைவெளி. ஒரு காலுக்கும் அடுத்ததுக்கும் இடையில 35 நிமிசம், பயணம் 12 நிமிசம் எண்டால் மிச்ச 23 நிமிசம் என்ன? 2020 செப்டம்பரில லண்டன் ஹாரிங்கே கவுன்சில் ஒப்பந்தத்தில வேலை செய்த கேர் ஆட்கள் யூனிசன் தொழிற்சங்கத்தின்ர துணையோட வென்ற வழக்கில, 60 நிமிசம் வரையான பயணமும் காத்திருப்பும் வேலை நேரம் எண்டு டிரிப்யூனல் எடுத்தது. வீட்டை போய்ப் படுத்திட்டு வரக்கூடிய இடைவெளி எண்டால் சேராது. அது கீழ் மட்டத் தீர்ப்பு, மற்ற டிரிப்யூனலைக் கட்டுப்படுத்தாது, எண்டாலும் காட்டலாம்.

கணக்கன் · 10:10

அப்போ 26 மணியை விடக் கூடவே வரும். மல்லி, இடைவெளி நேரத்தையும் தனி வரிசைல எழுதுங்க. ட்ராவலோட கலக்காதீங்க, ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு நிக்கட்டும்.

புதுசு_22 · 10:22

ஸ்பான்சர்கிட்ட மோதினா விசா போயிடாதா? எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் இருக்கார், இதெல்லாம் பேசி முடிச்சுத் தருவார்.

ரோட்டாராணி · 10:35

ஏஜென்ட் வேண்டாம். காசு வாங்கினாலும் வாங்காட்டியும், விசா ஆலோசனை சொல்ல இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிவு இருக்கணும், இல்ல சொலிசிட்டரா இருக்கணும். பதிவுப் பட்டியல் இணையத்துலயே இருக்கு, பேரைப் போட்டுப் பாருங்க.

பயம் நியாயமானதுதான். மினிமம் வேஜ் கேட்டதுக்காக வேலையை விட்டு எடுத்தா அது தன்னாலயே சட்டவிரோத நீக்கம், ரெண்டு வருஷ சர்வீஸ் தேவையில்ல. ஆனா அந்த வழக்கு ஜெயிச்சாலும் ஸ்பான்சர்ஷிப் திரும்ப வராது. ஸ்பான்சர் கைவிட்டா ஹோம் ஆபீஸ் (விசாவைப் பார்க்கற உள்துறை) லெட்டர் வந்து, வேற ஸ்பான்சர் தேடவோ கிளம்பவோ பொதுவா 60 நாள்.

ஆனா கம்பெனி தலைக்கு மேலயும் கத்தி தொங்குது. சிஓஎஸ்ல போட்ட சம்பளத்தைக் குறைச்சா 10 வேலை நாளுக்குள்ள அவங்க ஹோம் ஆபீஸுக்குச் சொல்லணும். மே 2024 சிஓஎஸ்னா வருஷச் சம்பளத்துக்குக் கீழ் வரம்பு 23,200 பவுண்ட். உங்க 1915.20ஐ 12ஆல பெருக்கினா 22,982.40. அவங்க ஸ்பான்சர் லைசன்ஸுக்கே இது ஆபத்து, ஹெச்ஆருக்கு நல்லாத் தெரியும். மிரட்டலா எழுதாதீங்க. "சிஓஎஸ் சம்பளத்தோட இது எப்படிப் பொருந்துது?"ன்னு ஒரு வரி போதும். சிஓஎஸ்ல வருஷச் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கு?

சட்டப்புத்தகம் · 10:52

கடைசியாக ஒரு சரியான கேள்வி.

நீலப்பேருந்து · 11:05

பத்து பேருக்கு உதவி பண்றவங்களுக்கு இந்த நக்கல் எதுக்குங்க?

*(இதற்குப் பின் 14 பதிவுகள் இந்த இழைக்குத் தொடர்பில்லாததால் "பொது அரட்டை"க்கு மாற்றப்பட்டன – மட்டுறுத்துநர்)*

வல்வைக்காற்று · 21 செப்டம்பர்

தங்கச்சி, கடிதம் குடுத்தனீங்களோ? 14 நாள் முடியுது.

மல்லி_லெஸ்டர் · 9 அக்டோபர், இரவு 11:20

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு மெயிலும் போட்டேன். அக்டோபர்ல இருந்து ட்ராவலுக்கு ஒவ்வொரு காலுக்கும் 5 நிமிஷம் ஃபிளாட்டா தர்றாங்களாம். ரேட் 12.60 அப்படியேதான். ஜூலை ஆகஸ்ட் பத்தி பதில் இல்ல. வேலைக்குப் போகணும், அப்புறம் வர்றேன்.

கணக்கன் · 9 அக்டோபர், 11:41

5 நிமிஷம் ஃபிளாட்னா உண்மையான பயணம் அதைவிடக் கூடுதலா இருக்கற மாசம் திரும்பவும் 12.21க்குக் கீழ போகும். மொத்தக் காசு, மொத்த நேரம், அதே வகுத்தல். செப்டம்பரையும் சேர்த்துக்குங்க, அது இன்னும் பழைய பாக்கில நிக்குது.

ரோட்டாராணி · 10 அக்டோபர்

பிரிவு 10 கடிதத்துக்குப் பதிவுகளைக் காட்டினாங்களா? அகாஸ்ல போட்டாச்சா? அக்டோபர் 30க்கு இன்னும் 20 நாள்தான் இருக்கு.

ரோட்டாராணி · 27 அக்டோபர்

மல்லி?