'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தை வீட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வண்ணார்பேட்டைக்காரர்:
ஆலிவ் என்கிற சின்னப் பெண்ணை அழகிப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பமே பழைய வேனில் கிளம்புகிற படம். 2006இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டதுமே ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிப் போனார்கள், எடுக்க ஆன செலவே சுமார் 80 லட்சம்தான். பெரும்பாலான விமர்சகர்கள் கொண்டாடினார்கள், அடுத்த வருசம் திரைக்கதைக்கும் தாத்தாவாக வந்த ஆலன் ஆர்க்கினுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆனாலும் சிலர், ஒரே வீட்டில் இத்தனை கிறுக்கா, எல்லாம் வேண்டுமென்றே செய்து வைத்தது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களுக்குச் சொந்தபந்தமே கிடையாது போல.

அதில் பையன் வாயைத் திறக்க மாட்டான், நோட்டில் எழுதிக் காட்டுவான். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் வயல் பங்குத் தகராறில் வருசக்கணக்காகப் பேசவில்லை, இருந்தது ஒரே வீட்டில். "உங்கப்பாட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லுல" என்று பெரியப்பா என்னிடம் சொல்வார், அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், நான் அதையே திரும்ப ஒருமுறை அவரிடம் சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் எழுந்திருப்பார். படத்தின் ஆரம்பத்தில் எல்லோரும் கோழி வறுவலைச் சுற்றி உட்கார்ந்திருக்க, தற்கொலைக்கு முயன்று பிழைத்து வந்த தாய்மாமனிடம் கையில் ஏன் கட்டு என்று அந்தச் சின்னப் பெண் கேட்பாளே, அங்கே எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
அண்ணாச்சி, பாதிதான் ஒத்துக்கொள்வேன். தாத்தா செத்ததும் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக உடலை இறக்கி, வேனில் போட்டுக்கொண்டு அழகிப் போட்டிக்குப் போகிறார்களே, அது எனக்கு வலிந்து செய்ததாகத்தான் பட்டது. ஆச்சி, "செத்த மனுசன வச்சிக்கிட்டு என்னல சிரிப்பு" என்று எழுந்தே போய்விட்டாள். விழுந்து விழுந்து சிரித்தது மைனிதான். கேட்டால், அவள் அப்பா துட்டிக்கு நீர்மாலை எடுக்கப் போகையில் யார் முன்னால் நடப்பது என்று சித்தப்பாமார் ரெண்டு பேரும் நடுத்தெருவில் நின்று மல்லுக்கட்டியதைச் சொன்னாள். சரி, அதையும் யாராவது படமாக எடுத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்தான்.

தென்காசிப் பக்கம்:
கிளட்ச் போன வேனை எல்லோரும் தள்ளி, ஓடுகிற வண்டியில் ஒவ்வொருவராக ஏறுவதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள், குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டதாம். தள்ள வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது கடைசி நடனம். பெரிய மனுசி மாதிரி பூசிவிட்ட பிள்ளைகளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம், தாத்தா சொல்லிக்கொடுத்ததை ஆலிவ் ஆடினதும் முகம் சுளிக்கும். போன மாசம் அக்கா மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் இதே கூத்துதான். குத்துப்பாட்டுக்கு ஆடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் விசில் பறந்தது, இவள் ஒருத்தி ஸ்டெப் மறந்து பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் சுற்றியதும் முன்வரிசையில் முணுமுணுப்பு. படத்தில் அப்பன் மேடை ஏறி மகளோடு ஆடுவான். அத்தான் அசையவில்லை, முழுசையும் போனில் எடுத்து அன்று ராத்திரியே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்.