பிபிசி, ஆர்ட்டே (பிரான்ஸ்-ஜெர்மனி கலாச்சார சேனல்) மாதிரி சேனல்ல ஆர்ட்ஸ் டாக்குமெண்டரிக்கு யாரு ஓகே சொல்றா?

கேள்வி:
ஒரு ஓவியரையோ இசைக் கலைஞரையோ பத்தி ஒரு மணி நேரப் படம் வருதுல்ல, அது டைரக்டர் போய்க் கேட்டு வர்றதா இல்ல சேனலே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுதா? என்கிட்ட ஒரு சிற்பியைப் பத்தின ஐடியா இருக்கு, யாருகிட்ட போறதுன்னே தெரியல.

பதில் 1:
ரெண்டும் நடக்கும். 1969ல வந்த 'சிவிலைசேஷன்'ங்கற டிவி தொடர் சேனல் பக்கத்துலேருந்தே கிளம்பினது, பிபிசி டூவுக்கு கலர் வந்த நேரம், அப்போ கன்ட்ரோலரா, அதாவது சேனல் தலைவரா இருந்த டேவிட் அட்டன்பரோ கலர்ல பாக்க அழகா ஒரு கலை வரலாறு வேணும்னு கலை வரலாற்று அறிஞர் கென்னத் கிளார்க்கைக் கூப்பிட்டார், 13 எபிசோட். இப்ப அதிகமா நடக்கறது வெளி கம்பெனி, கமிஷனிங் எடிட்டர்கிட்ட (எந்தப் படத்தை எடுக்கலாம்னு சேனல்ல முடிவு பண்றவர்) ஐடியாவைக் கொண்டுபோறதுதான். 1982ல பிரிட்டன்ல ஆரம்பிச்ச சேனல் 4 முழுக்க அந்த மாடல்ல வளர்ந்தது. தனியா போகாதீங்க, ஏற்கனவே டிவிக்கு எடுத்துக் குடுத்த கம்பெனியோட சேர்ந்து போங்க.

பதில் 2:
சிற்பி பெரிய ஆளுங்கறது மட்டும் போதாதுங்க. எடிட்டர் முதல்ல கேக்கறது ஏன் இப்போ, உங்களுக்கு மட்டும் என்ன கிடைக்கும், இது எந்த ஸ்லாட்டுக்கு (ஒளிபரப்பு நேரத்துக்கு)ன்னுதான். அவர் பட்டறைக்குள்ள உங்களை விடறாரா, டைரி, லெட்டர் எல்லாம் காட்டறாரா, அதுதான் உங்க பலம். ஒரே பக்கத்துல எழுதி, அவர் பேசறதை ரெண்டு மூணு நிமிஷம் ஷூட் பண்ணி வச்சுக்கங்க, கேமரா முன்னாடி அவர் எப்படின்னு எழுத்துல தெரியாது. ஓகே ஆனாலும் முழுப் பணமும் ஒரே சேனல் தரும்னு நம்பாதீங்க, செலவைப் பங்கு போட்டுக்க வேற நாட்டு சேனலை கோ-புரொடக்‌ஷனுக்கு பிடிக்கணும், அப்புறம் ரஃப் கட் (முதல் எடிட்) பாக்கும்போது ரெண்டு பக்கத்து எடிட்டரும் வேற வேற கருத்து சொல்லுவாங்க.

பதில் 3:
ரைட்ஸை யாரும் சொல்லலையே, பட்ஜெட் உடையறதே அங்கதான். ஐரோப்பாவுல கலைஞர் இறந்து 70 வருஷம் காப்பிரைட் இருக்கு, பிக்காசோ 1973ல போனார், அதனால 2043 முடியற வரைக்கும் அவர் ஓவியங்களைக் காட்ட அனுமதி வாங்கணும். பழைய ஃபுட்டேஜ்க்கு பெரும்பாலும் நிமிஷக் கணக்குல காசு, எத்தனை நாடு எத்தனை வருஷம்ங்கறதைப் பொறுத்து ஏறும். எடிட் முடிச்சிட்டு கேக்கலாம்னு விட்டா நல்ல சீனையே வெட்ட வேண்டி வரும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அவர் உயிரோடதான் இருக்கார், இப்ப ஒரு பெரிய வெண்கலச் சிலை வார்க்கறதுக்கு மெழுகு வேலை நடக்குது.

பதில் 2:
அப்ப ஏன் இப்போங்கறதுக்கு பதில் கைல இருக்கு! வார்க்கற நாள் ஒரு தடவைதான் வரும், சேனல் ஓகே சொல்றதுக்குக் காத்திருக்காம அதை நீங்களே ஷூட் பண்ணிடுங்க. அதுக்கு முன்னாடி அவர்கிட்ட அனுமதி எழுத்துல வாங்கிடுங்க.