கைவலியோடு கடற்பாலம் தாண்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மிருதங்கம்_ஈசூன்:
சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி மலேசியாவில் ஈப்போ, பினாங்கு என்று சொந்தச் செலவில் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய கதைதான். வேனும் நாமே எடுத்தது, ஸ்பீக்கர் தூக்குவதும் நாமே. ஜோகூர் தாண்டும்போதே இடது மணிக்கட்டு, கட்டைவிரல் பக்கம், வீங்க ஆரம்பித்துவிட்டது. ஈப்போவில் மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம். வலது பக்கம், வலந்தலையில், சொற்கள் சுத்தமாக விழுகின்றன, இடது பக்கத் தொப்பியில் கையை அழுத்தி நகர்த்தி எடுக்கிற கும்கி ஓசை மட்டும் வரவில்லை. அப்படி நகர்த்தினால் முழங்கை வரை சுரீரென்று ஏறுகிறது. கும்கியே இல்லாமல் கோர்வையை முடித்தேன். கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்கு வந்து என் கையை வாங்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். கத்திவிட்டேன். "தம்பி, நாளைக்கு வாசிக்காதீங்க. நான் வாசிச்சேன், அதான் இப்ப கேக்க மட்டும் வர்றேன்" என்றார். மறுநாள் பினாங்கில் வாசித்தேன், வேன் காசு வேறு எங்கிருந்து வரும்? அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் காதில் அப்படியே இருக்கிறது.

பேஸ்_தம்பி:
அண்ணே, பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்குப் பர்மிங்காம் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனி போச்சு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி போட்டு வாசித்தவர் அவர். வலியைப் பார்த்தால் மேடை இல்லை. எனக்கு மலாக்காவில் வேன் கதவில் விரல் நசுங்கியது. இரண்டாவது பாட்டு வாசிக்கும்போது நகத்துக்கடியிலிருந்து ரத்தம் வந்து, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் விரல் வழுக்க ஆரம்பித்தது. டிரம்ஸ் வாசித்த நண்பன் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேகத்தைக் குறைத்தான். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அவன்தான்.

வயலின்_அக்கா:
தம்பி, அயோமி கதையை இங்கே கொண்டுவர வேண்டாம். அவர் உறை மாட்டி வாசித்தது ஆறிப்போன காயத்தில். ஈசூன் தம்பிக்கு இருப்பது அசைக்கும்போதெல்லாம் உரசுகிற வீக்கம். இரண்டும் ஒன்றா? அந்தப் பெரியவர் செய்து பார்த்தது, டி குவர்வான் என்கிற தொல்லை இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கும் அதே சோதனைதான். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன, உறை தடித்துவிட்டால் உள்ளே ஓட இடமில்லை. வலிக்கிறதா என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்க்காதீங்க, இன்னும் கிளறிவிடும். முதலில் ஓய்வு. கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கிற பட்டை, ஸ்ப்ளின்ட், வாங்குங்க, மணிக்கட்டை மட்டும் பிடிப்பது போதாது. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி உண்டு. நேராகத் தனியார் நிபுணரிடம் ஓட வேண்டாம், பாலிகிளினிக் என்கிற அரசாங்க மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம். ஸ்பீக்கர் தூக்கும்போது கட்டைவிரலை விரித்துப் பிடிக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க அடியில் கைகொடுத்துத் தூக்குங்க. எனக்குத் தோள்பட்டை போனது கோலாலம்பூரில், வில்லை மேலே இழுக்கவே முடியாமல் பாதிக் கீர்த்தனையில் நின்றேன். பாடகிதான் ஸ்வரம் பாடி இடத்தை நிரப்பினார்.

உறுமி_உட்லண்ட்ஸ்:
கை, தோள் என்றால் வெளியே தெரியும். எனக்குக் காது. பத்துமலையில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது வேனில் எல்லாரும் தூங்க, எனக்கு மட்டும் விசில் சத்தம். இன்னும் நிற்கவில்லை. காது தாங்குவது 85 டெசிபெல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 100-க்குப் போனால் 15 நிமிடம்தான். மேளத்துக்கு நடுவில் நிற்கிறவர்கள் தயவுசெய்து காதடைப்பான் போடுங்க, சின்னப் பையன்களுக்கு நீங்களே போட்டுவிடுங்க.

பாட்டு_தங்கச்சி:
அக்கா சொல்கிற ஓய்வு எல்லாம் சரி, ஆனால் ஓய்வெடுத்தால் காசு? சிரம்பான் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தொண்டை அடைத்து, குரலே இல்லை. மருத்துவ விடுப்புச் சான்றிதழை, எம்.சி.யை, படமெடுத்து ஏற்பாட்டாளருக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: "வேற பாடகி நம்பர் இருந்தா அனுப்புங்க." உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்குத்தான், நம்மைப் போல் சுயதொழில் செய்கிறவர்களுக்கு இல்லை. 2025 ஜனவரி 1 முதல் செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற தளமேடை ஊழியர்களுக்குக்கூட அந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது, ரொம்ப நல்ல விஷயம், நமக்கும் வரவேண்டும். அதுவரை ஒப்பந்தம்தான் வழி. காயமோ நோயோ வந்தால் பாதிச் சம்பளமாவது உண்டு என்று எழுதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்த வரியை அப்படியே இங்கே போடுங்க. அடுத்த மாதம் ஜோகூர் நிகழ்ச்சிக்கு நான் கையெழுத்துப் போடவேண்டும்.