சரளை நிலத்தைக் காடாக்க வேர் உட்பூசணம் மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில், சீமைக்கருவேலத்தை அகற்றிய 3 ஏக்கர் செம்மண் சரளை நிலத்தைக் காடாக்க முயன்று வருகிறேன். சென்ற ஐப்பசியில் நட்ட வேம்பு, புங்கன், இலுப்பைக் கன்றுகளில் பெரும்பாலானவை சித்திரை வெயிலில் பட்டுப்போயின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் குழியைத் தாண்டி ஒரு விரற்கடை கூடப் போகாமல், நாற்றுப்பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. அடுத்த முறை குழியில் வேர் உட்பூசணம் (வேரோடு சேர்ந்து வாழும் மைக்கோரைசா என்னும் பூஞ்சை) இட்டால் போதுமா, நிலத்தையே திருத்த வேண்டுமா?

பதில் 1:
ஐயா, நிலத்தைத் திருத்துவதே முதல் வேலை. இந்தப் பூசணம் உயிருள்ள வேரைச் சார்ந்தே வாழ்வது. அதனால்தான் மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் அதைப் பெருக்கி, மண்ணும் வேர்த்துண்டுமாக விற்கிறார்கள். செம்மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடப்பதால், வேருக்கு எட்டும் தொலைவில் உள்ளது விரைவில் தீர்ந்துவிடுகிறது. வேர்த்தூவியை விட மெல்லிய பூசண இழைகள் அந்த எல்லையைக் கடந்து சென்று மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்க, மரம் தன் சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குத் தருகிறது. வேரே இல்லாத கட்டாந்தரையில் இந்த உறவு தொடங்காது.

ஆகவே இந்த ஆண்டு மரம் நட வேண்டாம் என்பதே என் கருத்து. சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்பு போட்டு, ஆவணி மழைக்குச் சோளம், தட்டைப்பயறு, கொழுஞ்சி விதையுங்கள். பூசணம் வாழ வேர் கிடைக்கும். கொழுஞ்சியை ஆடு பொதுவாகக் கடிக்காது. வேலி இல்லாத நிலத்துக்கு அது பெரிய உதவி. அடுத்த ஆண்டுக் கன்றுகளுக்கு, பையில் விதை ஊன்றும்போதே விதைக்குச் சற்றுக் கீழே பூசணத்தை இடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டைத் தவிருங்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் பூசணத்தை நாடாது. வேர் சுருண்டது, கன்று பையில் அதிக நாள் இருந்ததாலும் ஆகலாம். நடும்போது சுருண்ட நுனியை வெட்டிவிடுங்கள்.

பதில் 2:
1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்புறை மேடு அரித்துப் பாளம் பாளமாகக் கிடந்த நிலம். அங்கும் வரப்பெடுத்து மழைநீரை நிறுத்தியது மீட்சிக்கு அடிப்படையாக இருந்தது. கத்திச்சவுக்கு போன்ற வறட்சி தாங்கும் மரங்கள் நிழலும் சருகும் தந்த இடங்களில் நம் மண்ணுக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வளர்த்தார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் ஊர்க் கோயில்காட்டில் சுள்ளி கூட எடுக்கக் கூடாது என்பது வழக்கம்; அதனால் அங்கே மண் எடுக்க முடியாது. வரப்போரத்து முதிய வேம்பின் அடிமண்ணைப் பூசணத்துக்காக எடுக்கலாமா?

பதில் 1:
எடுக்கலாம். சருகை விலக்கி, மெல்லிய வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு சாண் ஆழத்து மண்ணை வேரோடு எடுத்து, வெயில் படாமல் அன்றே நாற்றங்கால் கலவையில் சேருங்கள். அந்த மரத்தில் வேரழுகல் தெரிந்தால் வேறு மரத்தைப் பாருங்கள்.