புதுப்பிப்பு: டெக்ஸ், புளூபெர்ரி – வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

டெக்ஸ் வில்லர், புளூபெர்ரி என்ற இரண்டு கௌபாய் காமிக்ஸ் தொடர்களையும் எந்தப் பதிப்பில் வாசிக்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரண்டையும் முடித்தாயிற்று.

1948இல் தொடங்கிய டெக்ஸுக்கு என் ஓட்டு கறுப்பு வெள்ளைக்கே. இத்தாலியில் 16×21 செ.மீ. அளவில், பக்கத்துக்கு மூன்று வரிசைக் கட்டங்களாக வரும் தொடர் அது. இரவும் புழுதியும் மைத்தீற்றலிலேயே உருவாகிவிடுகின்றன. கனமான நிழல்மேல் வண்ணம் ஏற்றும்போது கறுப்பு தன் அழுத்தத்தை இழக்கிறது, முகங்கள் தட்டையாகின்றன.

புளூபெர்ரி நேர் எதிர். 1963இல் ஷார்லியே எழுத, ஜிரோ வரைந்து தொடங்கியது. ஆல்பம் எனப்படும் பெரிய அளவு வண்ணப் புத்தகங்களாக வந்த பக்கங்கள். பல பக்கங்களில் நான்கு வரிசைகள், கூடவே நீண்ட வசனங்கள். இதைச் சிறிய அளவில் அச்சிட்டால் முதலில் அடிபடுவது எழுத்துதான்: தமிழ் வசனம் பேச்சுப் பலூனுக்குள் நெருக்கியடித்து நிற்கும். வண்ணத்தைச் சாம்பலாக்கினால் இன்னும் மோசம். சிவப்பு மண்ணும் நீல வானமும் ஏறக்குறைய ஒரே சாயலுக்கு வந்து, குதிரைக்காரன் பின்னணியில் கரைந்துபோகிறான்.

திரையில் வாசிப்பவர்கள் முதலில் முழுப் பக்கத்தையும் பாருங்கள், பிறகு கட்டங்களைப் பெரிதாக்குங்கள். கட்டம் கட்டமாகவே நகர்ந்தால் ஜிரோவின் பக்க அமைப்பு கண்ணில் படாமலே போய்விடும். அது பெரிய இழப்பு.